பச்சைக்கல் அத்தனையும்

உங்கள் சுண்டு விரலில் இருப்பது மரகதம்தானே? பதில் சொல்லிச் சிரமப்பட வேண்டாம். கழற்றவும் வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் மோதிரத்தைக் கழற்றினால் அது சீட்டுக்கு அடியில் உருண்டுவிடும். அப்புறம் நாம் இருவரும் லால்குடி வரை குனிந்தபடியே போக வேண்டியதுதான். கையை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். போதும். நல்ல பச்சை. கிளி இறகின் நிறம். உள்ளே பாசி படர்ந்த மாதிரி ஒரு கீற்று ஓடுகிறது பாருங்கள், அதற்காக விற்றவனோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். மரகதத்துக்குள் கீற்று இருக்கத்தான் வேண்டும். ஒரு குறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது கண்ணாடி. கல் வியாபாரி சீனி அகமது பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் அல்ல. எங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள், நாகரத்தினம் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் குரல் எப்படி இருக்கும் என்று. தெரியாது என்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சும் ஏறக்குறைய அதோடு நின்றது. இன்றுவரை என்னிடம் ஒரு குறை கண்டதாக யாரும் சொன்னதில்லை. உங்கள் மோதிரத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். இரண்டே வார்த்தை சொல்கிறேன். அப்புறம் நீங்கள் தூங்கலாம்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

மாமனார் பெயர் அரியமுத்து. கொள்ளிடத்துக்கு வடகரையில் செங்கல் சூளை வைத்திருந்தார். அங்கே நான் கணக்குப் பார்த்தேன். எத்தனை கல் அறுத்தார்கள், எத்தனை கல் வெந்தது, எத்தனை உடைந்தது, எத்தனை லாரியில் ஏறியது, எல்லாம் என் விரல் நுனியில் இருக்கும். முப்பத்தொரு வருடம். அந்த முப்பத்தொரு வருடத்தில் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசினால் மரியாதை குறைந்துவிடும் பாருங்கள். நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். "மாப்பிள்ளையச் சாப்பிடச் சொல்லு" என்பார், தூணைப் பார்த்து. நானும் தூணிடமே, "அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லு" என்பேன். எங்கள் குடும்ப விவகாரம் முழுக்கத் தெரிந்தது அந்தத் தூணுக்குத்தான்.

கல்யாணத்தின்போது தன் மகள் தையல்நாயகி பெயரில் ஐந்து சென்ட் மனை எழுதிவைத்தார். அதில் வீடு கட்டிக்கொள்வது என் பொறுப்பு. கட்டியிருக்கலாம்தான். ஆனால் ஒரு சிக்கல். செங்கல் சூளையில் கணக்குப் பார்க்கிறவன் வெளியே போய்ச் செங்கல் வாங்கினால் மாமனாருக்கு அவமானம். மாமனாரிடமே கேட்டால் எனக்கு அவமானம். ஆகவே இரண்டு பேருடைய மானத்தையும் காப்பாற்றி, அந்த மனையில் எருக்கஞ்செடி வளர்த்தேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. 

தையல்நாயகி மட்டும் அவ்வப்போது கேட்பாள். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

"கேக்கறேன், கேக்கறேன்" என்பேன்.

அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஜோசியரிடம் போனாள். அவர் என் ஜாதகத்தைப் பார்த்தார். புதன் நீசமாம். வாக்குக்கு உடையவன் புதனாம். அவன் மீனத்தில் போய்ப் படுத்துக்கொண்டதால் என் வாய் திறக்கவில்லையாம். மரகதம் புதனுடைய கல். சுண்டு விரலில், புதன்கிழமை காலையில், பச்சைப்பயறு தானம் செய்துவிட்டுப் போட்டால் நாக்கு தானாகப் புரளும் என்றார். விலையும் சொன்னார். அந்த விலைக்குச் செங்கல்லே வாங்கிவிடலாம். இது ஜோசியருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. எனக்குத்தான் புதன் நீசமாயிற்றே.

இனிமேல்தான் விஷயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடியில் மாமனார் படுத்தார். ஆவணியில் ஒரு காலை, இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். என் மைத்துனர் மதியழகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். அம்பத்தூரில் மனை வாங்கி விற்கிற வேலை. பேச்சில் கெட்டிக்காரர். அவருக்குப் புதன் உச்சமாக இருக்க வேண்டும். மாமனார் வலது கையை மெல்லத் தூக்கினார். சுண்டு விரலில் எப்போதும் போட்டிருக்கிற பச்சைக்கல் மோதிரம். அந்தக் கையை ஜன்னல் பக்கம் நீட்டி, என்னைப் பார்த்து, தூணைப் பார்த்து அல்ல, என்னையே பார்த்து, சொன்னார்.

"பச்சைக்கல்லு... அத்தனையும்... மாப்பிள்ளைக்கு."

அதுதான் கடைசி வார்த்தை. மத்தியானம் போய்விட்டார்.

நான் அழுதேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பேசினாரே என்று அழுதேன். மைத்துனர் அழவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், அப்பா அத்தனையும்னு சொன்னாரு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் தம்பி."

"வெரல்ல இருக்கறது ஒண்ணு. ஒண்ணுக்கு யாராச்சும் அத்தனையும்னு சொல்வாங்களா?"

சொல்ல மாட்டார்கள். நியாயமான கேள்வி. கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

"எங்க தாத்தா பர்மாவுலேருந்து நடந்தே வந்தவரு மச்சான். சும்மாவா நடந்திருப்பாரு? இடுப்புல முடிஞ்சுக்கிட்டு வந்திருப்பாரு. எல்லாம் மரகதம். இங்கதான் எங்கயோ இருக்கு."

எனக்கு ஆசை கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரே ஒரு கல் கிடைத்தால் போதும், அதை விற்று ஐந்து சென்ட்டில் ஒரு வீடு, ஒரு முன்கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்பக்கம் ஒரு கிணற்றடி, மாடியில் ஒரு அறை, மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மைத்துனர் பெருந்தன்மையாகச் சொன்னார். "அப்பா உங்களுக்குன்னுதான் சொன்னாரு. நான் மறுக்கல. தேடற கூலிக்குப் பாதி எனக்கு. மீதி உங்களுக்கு." நான் தலையாட்டினேன். என் சொத்தில் பாதி அங்கேயே போயிற்று, ஒரு சத்தமும் இல்லாமல்.

மோதிரத்தை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனோம். பெரிய கடை வீதியில் ஒரு சந்து, அதற்குள் சீனி அகமது பாய். கீழக்கரைக்காரர், மூன்று தலைமுறையாகக் கல் வியாபாரம். மோதிரத்தை வாங்கி வாயால் ஊதினார். ஆவி படிந்து அப்படியே நின்றது.

"அசலா இருந்தா ஆவி சட்டுனு கலைஞ்சிரும். நிக்கிது பாருங்க." கண்ணில் லென்ஸை வைத்தார். "உள்ள கொப்புளம் வேற. இது பாட்டில் கண்ணாடி. ஒரு கீத்து கெடையாது, ஒரு குத்தம் கெடையாது. இவ்வளவு சுத்தமா அல்லா மரகதத்தப் படைக்கல. இத யாரு போட்டிருந்தா?"

"மாமனார். நாற்பது வருஷம்."

"நல்லா இருந்தாரா?"

"நல்லா இருந்தார்."

"அப்ப நல்ல கல்லுதான். பத்திரமா வச்சுக்கங்க."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மைத்துனருக்கு விழவில்லை. வெளியே வந்து என் தோளில் தட்டினார். "இப்பத்தான் மச்சான் எனக்கு உறுதியாச்சு. டூப்ளிகேட்ட வெரல்ல போட்டிருக்காருன்னா அசல உள்ள பூட்டியிருக்காருன்னுதான அர்த்தம்?" இப்படி ஒரு மூளையை நான் பார்த்ததில்லை. மோதிரம் அசலாக இருந்தாலும் அசல் இருக்கிறது. போலியாக இருந்தாலும் அசல் இருக்கிறது. மோதிரமே இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்கும்.

பாயிடம் திரும்பிப் போய் மரகதத்தைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டோம். நல்ல மரகதம் கொலம்பியாவில் கிடைக்குமாம், கடல் தாண்டி, கண்டம் தாண்டி. ஜாம்பியாவிலும் கிடைக்குமாம். ராஜஸ்தானத்தில் கொஞ்சம். நம் காங்கயம் பக்கத்தில் இதன் தம்பி முறையான நீலப்பச்சைக் கல் கிடைக்குமாம். "பர்மாவுல?" என்றார் மைத்துனர். "பர்மாவுல செவப்பு உண்டு. பச்சைன்னா ஜேடு உண்டு. மரகதத்துக்கு அது பேர்போன எடம் இல்லீங்களே" என்றார் பாய். மைத்துனர் அதைக் காதில் வாங்கவில்லை. பாய் கடைசியாக ஒரு புத்தி சொன்னார். அதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். "மாணிக்கத்தச் சுடலாம், நிறம் ஏறும். பச்சைக்கல்லுக்கு மட்டும் நெருப்பக் காட்டாதீங்க, வெடிச்சிரும். மழைத்தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது."

நெருப்பு ஆகாது. தண்ணீரால் பாதகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மைத்துனர் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார். வலன் என்று ஒரு அசுரனாம். தேவர்கள் யாகத்துக்கு அவன் உடம்பையே கேட்டார்களாம், கொடுத்துவிட்டானாம். அவன் ரத்தம் மாணிக்கம், எலும்பு வைரம், பல் முத்து, பித்தம் மரகதம். அந்தப் பித்தத்தைக் கருடன் கவ்விக்கொண்டு பறந்ததால் மரகதத்தைக் கண்டால் பாம்புக்குக் கண் தெரியாதாம். என் பெயரிலோ நாகமும் இருக்கிறது, ரத்தினமும் இருக்கிறது. எனக்கு ஆகுமா ஆகாதா என்று புராணத்தில் போடவில்லை. மீனாட்சியின் நிறம் மரகதம், அது வளம், அது வாக்கு, அது வெற்றி என்றெல்லாம் போட்டிருந்தது. எனக்கு அந்தப் பித்தம் ஒன்றுதான் சரியாகப் பட்டது. எங்கள் வீட்டுக்குள் அது அன்றைக்கே ஏறிவிட்டது.

தேட ஆரம்பித்தோம். மாட்டுக் கொட்டகைத் தரையைப் பெயர்த்தோம். பூஜை அறையில் மூன்று இடத்தில் தோண்டினோம். கிணற்றில் மோட்டார் வைத்து இறைத்தோம். அடியில் ஒரு பித்தளைச் செம்பும் என் கல்யாணத்தில் காணாமல் போன கரண்டியும் கிடைத்தன. கரண்டி என்னுடைய பங்கில் வந்தது. மாமனார் எதிரே உட்கார்ந்து பேசிய தூணைக்கூடத் தட்டிப் பார்த்தோம். அதற்காவது தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மறைப்பு வேண்டும் என்றார் மைத்துனர். நான்தான் யோசனை சொன்னேன். களத்தில் அடுக்கியிருக்கிற கல் மேல் பெரிய தார்ப்பாய்கள் சும்மாதானே கிடக்கின்றன? நானே போய் அவிழ்த்தேன். கயிற்றை வீணாக்காமல் சுருட்டினேன். தார்ப்பாயை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஒரு சுருக்கம் விழாமல் மடித்து எடுத்துவந்தேன். அந்த மடிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புரட்டாசி முடிகிற சமயம். சூளை மேஸ்திரி கலியன் வந்து வாசலில் நின்றான். துக்க வீடு என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"கணக்கய்யா, அந்தப் பச்சைக்கல்லு சங்கதி..."

மைத்துனர் கொல்லையிலிருந்து பாய்ந்து வந்தார். கையில் கடப்பாரை. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம எப்படீங்க? நான்தான பெரியவரு கூட இருந்து பாத்தேன்."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

"இதென்ன கேள்விங்க. கண்ணு முன்னாடிதான இருக்கு."

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் மைத்துனரைப் பார்த்தேன். ஆள் மிரட்டுகிறான், பங்கு கேட்கிறான் என்று மைத்துனர் என் காதில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

"இத பாரு, அதப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது" என்றார்.

"நான் என்னத்துக்குங்க வெளியில சொல்றேன்? மழை வருது. அதுக்கு முந்தி நெருப்பு வச்சிட்டா..."

"நெருப்பா!" என்றேன் நான். அவ்வளவு சத்தமாக நான் பேசி அவன் கேட்டதே இல்லை. "பச்சைக்கல்லுக்கு நெருப்பு ஆகாது கலியா. வெடிச்சிரும்."

"வெடிக்குமா?"

"மழை பெய்யட்டும். தண்ணி பட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

கலியன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க கணக்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு இருந்த கரிசனத்தை நான் அப்போது தப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. பெய்தது பாருங்கள் மழை. மூன்று நாள் விடாமல். நாங்கள் நனையவில்லை. எங்கள் தலைக்கு மேல்தான் தார்ப்பாய் இருந்ததே. கொல்லையில் ஆள் இறங்குகிற குழிக்குள் நின்று தோண்டிக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் காலை தையல்நாயகி களத்துப் பக்கமிருந்து ஓடிவந்தாள். முழங்கால் வரை சேறு.

"ஏங்க! பச்சைக்கல்லெல்லாம் கரையுதுங்க!"

மைத்துனர் குழிக்குள்ளிருந்து நிமிரவே இல்லை. "மரகதம் தண்ணியில கரையாதுக்கா. பாயே சொல்லியிருக்காரு."

தையல்நாயகி தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே கேட்டு, அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். நானும் கேட்டேன். சூளையில் சுடாத செங்கல்லுக்குப் பெயர் பச்சைக்கல். அறுத்து, காயவைத்து, இன்னும் வேகாத கல். வெந்தால் செங்கல், வேகாவிட்டால் பச்சைக்கல். சூளைக்காரன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவனுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும். நான் கேட்கிறேன், ஒரு மனுஷன் சாகிற நேரத்தில் செங்கல்லைப் பற்றிப் பேசுவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கடைசி வார்த்தை என்றால் அதற்கொரு தகுதி வேண்டாமா? தப்பு என்மேல் இல்லை. எல்லாம் மைத்துனர் கிளப்பியது.

அவர் கை நீட்டியபோது எல்லாரும் விரலைப் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே களம். களத்தில் வரிசை வரிசையாக நாற்பதாயிரம் பச்சைக்கல்.

மாமியார் உள்ளறையில் இருந்தார். துக்கத்தில் வெளியே வருவதில்லை. சத்தம் கேட்டு நிலைப்படி வரை வந்தார். "நீங்க வேற என்னத்தத்தான் தேடினீங்க? நான் ஏதோ வாஸ்து சரி பண்றீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பிறகு தையல்நாயகியிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. தையிலிருந்தே மாமனார் அந்தக் கல்லை என் கணக்கில் ஏற்றாமல் தனியாக அறுக்க வைத்தாராம். "மாப்பிள்ளை வாயத் தொறந்து கேக்கப் போறதில்ல. நானும் வாயத் தொறந்து குடுக்கப் போறதில்ல. கல்லு அறுத்து அந்த மனையில எறக்கிட்டா அவரே கட்டிக்குவாரு" என்றாராம். சுடுவதற்குள் படுத்துவிட்டார்.

களத்துக்குப் போய்ப் பார்த்தோம். வரிசை இல்லை. கல் இல்லை. ஒரு நீளமான சேற்றுக் குன்று, அதன் மேல் மழை. தையல்நாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழ நினைத்தேன். அதற்குள் மைத்துனர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சரி, போனது போச்சு. இந்த மண்ண நான் எடுத்துக்கறேன்."

"எந்த மண்ண?" என்றாள் தையல்நாயகி.

"இதான். இந்தக் களத்த மனை போட்டு விக்கப் போறேன்க்கா. அந்தப் பக்கம் பள்ளம். நெரப்ப மண்ணு வேணும். இப்பல்லாம் மண்ணு எங்க கெடைக்குது?"

"இது அப்பா அவருக்குக் குடுத்தது. மழ விட்டதும் மறுபடி கொழச்சு அறுத்தா மறுபடி கல்லு."

"அக்கா, அப்பா என்ன சொன்னாரு? பச்சைக்கல்லுன்னு சொன்னாரு. இங்க எங்க இருக்கு கல்லு? இருக்கறது மண்ணு. மண்ணு கெடக்கறது களத்துல. களம் யார் பேருல?"

களம் அவர் பேரில்தான். சட்டம் தெரிந்தவர்.

"ஏண்டா, மரகதமா இருந்தப்ப பாதி ஒனக்குன்னே. மண்ணாப் போனதும் முழுசும் ஒனக்கா? மரகதத்த விட மண்ணு மேல ஒனக்கு ஆச ஜாஸ்தியா இருக்கே!"

அவள் கத்தினாள், அவர் கத்தினார். திரும்பி வீட்டு வாசலுக்கு வந்து அங்கேயும் கத்தினார்கள். கடைசியில் மைத்துனர் சொன்னார். "இத்தன பேச்சு எதுக்கு? குடுத்தது மச்சானுக்கு. மச்சான் ஒரு வார்த்த சொல்லட்டும். எனக்கு இந்த மண்ணு வேணும்னு அவர் வாயால சொல்லட்டும். நான் ஒரு பிடி தொட மாட்டேன். சொல்லுங்க மச்சான். வேணுமா, வேண்டாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தையல்நாயகி பார்த்த பார்வையை நான் சொல்ல முடியாது. இந்த மண் போனால் இனி ஒரு கல் கிடையாது, இனி ஒரு வீடு கிடையாது. சாகிறவரை அவள் தம்பி வீட்டுக் கொல்லை அறையில்தான். மாமனாரின் மோதிரம் அப்போது என் விரலில்தான் இருந்தது. முறைப்படி, பயறு தானம் செய்துவிட்டுத்தான் போட்டிருந்தேன். அன்றைக்குப் புதன்கிழமைகூட. நாக்கு தானாகப் புரண்டது. ஜோசியர் பொய் சொல்லவில்லை.

"எனக்கு எதுக்குத் தம்பி? வேண்டாம்" என்றேன்.

ஒரு மரியாதைக்குச் சொன்ன வேண்டாம். கேட்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? எடுத்த எடுப்பில் வேணும் என்று சொல்ல நான் என்ன அலைகிறவனா? மைத்துனர் சென்னைவாசி. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. "பாத்தியாக்கா, மச்சானே சொல்லிட்டாரு" என்று போனை எடுத்து லாரிக்காரனுக்கு நம்பர் போட ஆரம்பித்தார். தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

அப்போதுதான் மாமியார் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார்.

"டேய் மதி, போனக் கீழ வை. அவரு இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த அன்னிக்கு மொத கரண்டிச் சோத்துக்கே வேண்டாம்னவரு. ஒரு தரம் கேட்டுட்டு எலைய எடுத்துருவியா நீ? மறுபடி கேளு."

"அம்மா, அவரே சொல்லிட்டாரும்மா."

"கேளுடா."

மைத்துனர் போனைப் பையில் போட்டார். "வேணுமா மச்சான்?"

"இருக்கட்டும் தம்பி" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள். மாமியார் அசையவில்லை. "இன்னொரு தரம் கேளு" என்றார்.

"மச்சான், வேணுமா வேண்டாமா? கடைசியாக் கேக்கறேன்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. எனக்குக் காது சுட்டது. முப்பத்தொரு வருடமாகக் கேட்காததை மூன்று எழுத்தில் கேட்டுவிடச் சொன்னால் எப்படி? தரையைப் பார்த்தேன். மாமியாரின் கால் தெரிந்தது. பக்கத்தில் தையல்நாயகியின் கால், சேறு இன்னும் காயாமல்.

"கொஞ்சமா" என்றேன்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். "கொஞ்சமா வைங்க."

மாமியார் மகனைப் பார்த்தார். "கேட்டுச்சா? மாப்பிள்ளை கொஞ்சமான்னா எவ்வளவு வைக்கணும்னு ஒனக்குத் தெரியும்ல? மழை விட்டதும் லாரிய அந்த மனைக்கு ஓட்டச் சொல்லு."

மண் அடித்தார்கள். கார்த்திகையில் பாதை காய்ந்ததும் லாரி லாரியாக அந்த மண்ணை எங்கள் ஐந்து சென்ட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். எருக்கஞ்செடி எல்லாம் அடியில் போயிற்று. தையில் கலியன் ஆள் கூட்டிவந்து அங்கேயே கல் அறுத்து, அங்கேயே சின்னதாக ஒரு சூளை வைத்தான். கரைந்த கல்லை மறுபடி அறுத்தால் உறுதி கூடுமா குறையுமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வெந்து வந்தது. தட்டினால் கணீர் என்று சத்தம் கேட்டது. பாய் வந்து ஊதிப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

லால்குடி வந்துவிட்டதா? இறங்குகிறீர்களா? இருங்கள், ஒன்றே ஒன்று. மண் அடித்த கடைசி நாள், கடைசி லாரி முக்கால்தான் நிறைந்திருந்தது. களத்தில் மிச்சம் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மைத்துனர் வண்டியைத் தட்டி நிறுத்தி, என்னைப் பார்த்து, "போதுமா மச்சான்?" என்று கேட்டார்.

"போதும், போதும்" என்றேன். இலைக்குக் குறுக்கே நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். மாமியார் அன்றைக்குப் பார்த்துப் பக்கத்தில் இல்லை.

வீடு நன்றாக இருக்கிறது. சமையல்கட்டுக்கு மட்டும் மூன்று சுவர்தான் எழும்பியது. தையல்நாயகி நாலாவது பக்கம் ஒரு பழைய புடவையைக் கட்டியிருக்கிறாள். காற்றோட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.